இரண்டரை நிமிடம்

கிரென்ஹென் ஓடுபாதைக்கு வடக்கே யூரா மலை,
தெற்கே ஆரே ஆறு.
சனிக்கிழமை காலை, சின்ன ஏணியில் நின்று
இறக்கையின் முதுகைத் துடைக்கிறேன்.
இரவு உறைந்த பனி, உப்புத்தூள் அளவுதான்.
அதுவும் போகவேணும் என்கிறாள் லடீனா.
அவளுக்கு இருபத்தாறு. எனக்கு நாற்பத்தொன்பது.
ஆசிரியை அவள்.

வாரநாட்களில் எனக்கு வேறு வேலை:
ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி,
இடுக்கியால் எடுத்து நிமிடமுள் பொருத்துவது.
ஒரு நிமிடம் ஆறு பாகை.
நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

ஆகவே அவள் வெள்ளைப் பலகையில் இறக்கையைக் குறுக்காக வெட்டி
எதிர்க்காற்றுக்கும் இதற்கும் நடுவே
ஏறக்குறையப் பதினைந்து பாகை, அதற்குமேல் கேட்காதே என்றபோது
"இரண்டரை நிமிடம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.
விளங்காமல் பார்த்தாள். மணிக்கட்டைக் காட்டினேன்.

நேரே பறக்க அரை நிமிடம் போதும்.
அந்தச் சின்னச் சரிவில்தான்
எழுநூறு கிலோ காற்றில் படுத்திருக்கிறது.

பழைய புத்தகமொன்றில் படித்திருந்தேன்:
முன்விளிம்பில் பிரிகிற இரண்டு காற்றில்
மேலே போனதற்கு நீண்ட வழி,
அதனால் ஓடி ஓடிப்
பின்விளிம்பில் மற்றதோடு சேர்ந்துகொள்ளுமாம்.
எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது.
பிழை என்றாள் லடீனா.
மேலே போனது முந்திவிடும்.
கீழால் வந்தது வந்துசேரும்போது
அது அங்கே இராது.
இறக்கை காற்றைக் கீழே வளைக்கிறது,
காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.
கொடுக்கல் வாங்கல். பாக்கி கிடையாது.

தொண்ணூறில் நானும் அண்ணனும்
ஒரே கிழமையில் ஒரே வாசலால் வெளிக்கிட்டோம்.
அவன் மொன்றியல்.
மூன்று வருடத்தில் சேர்ந்துவிடுவீர்கள் என்றான் ஏஜென்சிக்காரன்.
இதை நான் லடீனாவிடம் சொல்லவில்லை.
பலகையில் இருந்ததைக் கொப்பியில் இறக்கினேன்.

நாலாயிரத்து ஐந்நூறு அடி.
எஞ்சினைக் குறை, உயரத்தை விடாதே.
விடாமலிருக்க மூக்கைத் தூக்குகிறேன்.
வேகம் வடிகிறது. இன்னும் தூக்குகிறேன்.
காற்றின் சத்தம் மெலிகிறது,
யாரோ அறையை விட்டுப் போவதுபோல.
கஞ்சிக்குள் அகப்பை மாதிரிக்
கைப்பிடி எங்கேயும் பிடிபடவில்லை.
பிறகு இடது இறக்கைக்குள் ஒரு ஊதல்:
நாதஸ்வரத்தை விட்டுவிட்டுச் சீவாளியை மட்டும்
வாயில் வைத்து ஊதினால் வருமே, அது.
ஒன்று.
இரண்டு.
உடம்பெல்லாம் ஒரு நடுக்கம், எனதா அதனதா தெரியவில்லை.

மூக்கு விழுந்தது.
கண்ணாடி முழுக்க ஆரே.
எனக்குள் ஒரே சொல்: இழு.
விழுகிறவள் எதையாவது பற்றி இழுக்கத்தானே செய்வாள்.
இழுத்தேன். ஊதல் நிற்கவில்லை.
இடப்பக்கம் சரிந்தது.

"லோஸ்லா" என்றாள். விடு.
குரலை உயர்த்தவேயில்லை.

விட்டேன்.
விழுகிற பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ளினேன்,
வலக்காலை மிதித்தேன்.
ஊதல் அறுந்தது.
காற்று திரும்பி வந்து
நான் துடைத்த முதுகில் ஒட்டிக்கொண்டது.
கைப்பிடிக்குள் பாரம் ஏறியது.
எஞ்சின். மலை முகடு. அடிவானம்.

முந்நூற்றிருபது அடி போயிருந்தது.

எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றாள்.
காற்றும் எங்கும் போகவில்லை.
அதனால் வளைய முடிந்ததற்கு மேல் கேட்டாய், அவ்வளவுதான்.
மூக்கு வானத்தைப் பார்க்கிறதா மண்ணைப் பார்க்கிறதா
இறக்கைக்குத் தெரியாது.
எதிரே வருகிற காற்று மட்டும் தெரியும்.

இன்னொரு தரம்?
ஓம் என்றேன், தமிழில்.
எஞ்சினைக் குறைத்தாள்.

நாலாம் தரம் நூறடிதான்.

இரவு அண்ணன் கூப்பிட்டான், அங்கே பின்னேரம்.
இன்றைக்கு என்ன செய்தாய்?
விழப் பழகினேன்.
லைன் சரியில்லை, என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை, மேசையில் முதல் கடிகாரம்.
முள் ஒன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி நகர
இடுக்கி பிடித்த விரல்
தானாகவே கொஞ்சம் முன்னே தள்ளியது.